டாஃப்னியின் இசைவு: ஓவிட் காப்பியத்தின் ஆங்கிலச் செய்யுட் பெயர்ப்புகள் பற்றி ஓர் ஆய்வு

இலத்தீன் புலவராகிய ஓவிட் இயற்றிய ‘மெட்டமார்ஃபசீஸ்’ என்னும் பெருங்காப்பியம் 15 பகுதிகளையும் ஏறத்தாழ 12,000 அடிகளையும் உடையது. உலகத் தோற்றம் முதலாக ஜூலியஸ் சீசர் விண்மீனாக மாறியது ஈறாக, ஓர் உருவம் பிறிதோர் உருவமாய்த் திரிந்த கதைகளே அதன் பொருள். ‘உருமாற்றங்கள்’ என அதனைத் தமிழில் வழங்கலாம். 1567-ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை இந்நூலை ஆங்கிலச் செய்யுளாகப் பெயர்த்தோர் பலர். அவர்தம் நூல்களை ஒப்பிடுவோர் பெரும்பாலும் ‘இவர் நடை எளியது, அவர் நடை செறிந்தது, மற்றவர் மூலத்தை விட்டு விலகினார்’ எனப் பொதுவகையாற் கூறி அமைவர். பொதுவகையாற் கூறுவனவற்றை மறுத்தல் அரிது. அவற்றாற் பெறும் பயனும் சிறிதே. ஆதலின் யாம் ஈண்டு முதற் பகுதியில் வரும் ஒன்றரை அடியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது மொழிபெயர்ப்பாளர் கைகளில் என்னவாயிற்று எனக் காண முற்படுகின்றோம்.

அவ்வொன்றரை அடி டாஃப்னியின் கதைக்கு முடிவாக நிற்பது. டாஃப்னி, பீனியஸ் என்னும் ஆற்றுத் தெய்வத்தின் மகள். மணத்தை வெறுத்துக் காட்டிடை வேட்டையாடித் திரிபவள். காமன் பொன்முனை அம்பினால் அப்பல்லோ என்னும் கடவுளையும், ஈயமுனை அம்பினால் அவளையும் எய்கின்றான். முன்னது காதலை எழுப்புவது. பின்னது காதலை வெருட்டுவது. கடவுள் துரத்துகின்றான்; அவள் ஓடுகின்றாள். கால் தளர்ந்த நிலையில், மிகுதியும் விரும்பப்படுதற்குக் காரணமாகிய தன் வடிவத்தை மாற்றி அழிக்குமாறு வேண்டுகின்றாள். (இவ்வேண்டுகோள் தந்தையை நோக்கியதா நிலமகளை நோக்கியதா என்பது பற்றி ஏடுகளிடையே வேறுபாடு உண்டு. அஃது ஈண்டைக்கு வேண்டா.) உடனே உறுப்புகள் மரத்துப் போகின்றன, மெல்லிய பட்டை மார்பைச் சூழ்கின்றது, கூந்தல் தழையாகவும் கைகள் கிளையாகவும் நீள்கின்றன, விரைந்த கால் வேரிற் பற்றுண்டு நிற்கின்றது. அவள் லாரல் மரமாகின்றாள். தமிழில் இம்மரத்தை ‘வாகை’ எனப் பெயர்ப்பார் சிலர். வெற்றிக்கு அடையாளமாதல் ஒன்றே இரண்டற்கும் ஒப்புமை, மரம் வேறு. ஆதலின் லாரல் என்றே வழங்குவம்.

மரமாகிய பின்னும் கடவுள் விடுகின்றானில்லை. அடிமரத்தில் கைவைத்துப் புதுப்பட்டையின்கீழ் நெஞ்சு இன்னும் துடித்தலை உணர்கின்றான். கிளைகளைத் தழுவி முத்தமிடுகின்றான். மரம் அம்முத்தங்களினின்று பின்வாங்குகின்றது. பின்னர், மனைவியாகாவிடினும் தன் மரமாகவேனும் அவள் இருத்தல் வேண்டும் என்கின்றான். தன் கூந்தலும் யாழும் அம்பறாத்தூணியும் அவள் இலையைச் சூடும் எனவும், உரோமத் தளபதியரின் வெற்றி ஊர்வலத்தில் அவள் இருப்பாள் எனவும், பேரரசன் அகஸ்டஸின் வாயிலிற் காவலாய் நிற்பாள் எனவும் அறிவிக்கின்றான். பேச்சு முடிகின்றது. அதன்பின் வருவதே எம் ஒன்றரை அடி. அதன் பொருள் இது: அப்பொழுதே உண்டாகிய கிளைகளால் லாரல் அசைந்து இசைவு காட்டியது, தலையை அசைத்தாற்போல அதன் உச்சியை அசைத்ததாகத் தோன்றியது.

இதன்கண் கருதத்தக்க சொற்கள் மூன்று. முதலாவது, ‘அட்னுயிட்’ என்னும் வினைமுற்று. தலையைத் தாழ்த்தி உடன்படுதல் அதன் பொருள். இஃது ஐயமின்றி நிகழ்ந்ததாகவே கூறப்படுகின்றது. இரண்டாவது, ‘விசா எஸ்ட்’ என்பது. சொல்லுக்குச் சொல் நோக்கின் ‘காணப்பட்டது’ என்பதாம். வழக்கில் ‘தோன்றியது’ எனப் பொருள்படும். தோன்றுதல் என்னும் நம் வினையும் வெளிப்படுதல், அவ்வாறு எண்ணப்படுதல் என இரு பொருளும் தருதலின், இச்சொல்லின் இயல்பு தமிழர்க்கு எளிதில் விளங்கும். காணப்பட்டது எனின் கண்டவர் ஒருவர் வேண்டும். அவ்விடத்து நின்றவன் அப்பல்லோ ஒருவனே. மூன்றாவது, அடியின் இறுதிச் சொல்லாகிய ‘ககூமென்’. மர உச்சி என்பது பொருள். ‘தலை’ என்னும் சொல் உவமையாக முன்னரே வந்துவிட, செவியில் இறுதியாக நிற்பது மரமே.

இதனை இசைவு என்றே கொள்ளலாமே, ஆசிரியரே வினைமுற்றாற் கூறினாரன்றோ என வினவுவார் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. முதல் வினை உறுதியானது. அதனை இல்லையென யாம் கூறவில்லை. ஆயின் உறுதியாகக் கூறியதை உடனே ‘தோன்றியது’ என்னும் சொல்லால் ஆசிரியர் தளர்த்துகின்றார். பதினோரடிக்கு முன்னர் முத்தத்தினின்று பின்வாங்கிய மரம், ஒரு சொற்பொழிவு கேட்ட அளவில் மனம் மாறியதாகக் கூறுதற்கு வேறு சான்று யாதும் இல்லை. இன்னும் ஒன்றுண்டு. மான்குட்டியைப் போல, கரடியைப் போல மாறியோர் கதைகளில் ஓவிட் ஒரு செய்தியை மறவாது கூறுவார். இரண்டாம் பகுதியில் கரடியாகிய கலிஸ்டோவுக்கும், மூன்றாம் பகுதியில் மானாகிய ஆக்டியனுக்கும் பழைய மனம் மாறாது நின்றது என வெளிப்படையாகவே உரைக்கின்றார். டாஃப்னியிடத்து எஞ்சியது யாது? அவளுடைய ஒளி ஒன்றே எஞ்சியது என்கின்றார். மனம் நின்றதா அழிந்ததா என்பது கூறப்படவில்லை. கூறாது விட்டதை மறதி எனல் இத்தகைய புலவர்க்குப் பொருந்தாது.

அசையும் பொருளின் இயல்பான அசைவின்மீது புலவன் தன் கருத்தை ஏற்றிக் கூறுதலைத் தண்டியலங்காரம் தற்குறிப்பேற்றம் என்னும். மதுரை மதிற்கொடிகள் காற்றில் அசைதலைக் கோவலனை வாராதே எனத் தடுத்தலாக இளங்கோவடிகள் காட்டியமை மாணாக்கர் அனைவரும் அறிந்தது. அங்கே குறிப்பை ஏற்றுபவர் புலவர். அவர் இரக்கம் அதில் உளது. ஓவிட்டின் அடியிலோ குறிப்பை ஏற்றுவது கதையினுள் நிற்கும் கடவுள். தான் விரும்பியதை அவன் அசைவிற் கண்டான். புலவர் அதனைக் கண்டவாறே எழுதி, ‘தோன்றியது’ என ஒரு சொல்லை இட்டு ஒதுங்கினார். இவ்வணியின் பெயரை மேலைநாட்டார் அறியாராயினும், பொருளை உணர்ந்து பெயர்த்தோர் யார், உணராது பெயர்த்தோர் யார் என்பதை இனிக் காண்பாம்.

முதலில் நிற்பவர் ஆர்தர் கோல்டிங். 1565-இல் நான்கு பகுதிகளையும் 1567-இல் முழுநூலையும் வெளியிட்டார். கால்வின் என்னும் சமயச் சீர்திருத்தவாதியின் உரைகளையும் ஆங்கிலமாக்கிய இவர், ஓவிட்டை நீதிநூலாகப் படிக்க வேண்டும் என எண்ணியவர். ஷேக்ஸ்பியர் இப்பெயர்ப்பைப் பயின்றமைக்கு ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தில் பிராஸ்பரோவின் பேச்சு சான்றாம். ஏழாம் பகுதியில் மீடியா கூறும் மந்திரவுரையின் சாயல் அதில் உளது. கோல்டிங் கையாண்டது பதினான்கு அசை கொண்ட நீண்ட அடி, இரண்டிரண்டாக இயைபுத் தொடை பெறுவது. இவ்வடியைப் பிற்காலத்தார் ‘வண்டியோட்டம்’ போன்றது என எள்ளினர். எள்ளலில் உண்மை இல்லாமலில்லை. நூறு அடி படித்தபின் செவி சலிக்கின்றது. எனினும் இலத்தீன் அறுசீரடிக்கு அளவால் அணித்தாவது இதுவே. எம் ஒன்றரை அடி அவரிடத்து மூன்றடியாக விரிந்துள்ளது. விரிந்தமையால் ‘தோன்றியது’ என்னும் சொல்லுக்கு இடம் கிடைத்தது. இசைந்தது போலத் தோன்றியது என்கின்றார். உச்சியை அசைத்ததையும் ‘முடி போல’ என உவமை குன்றாது கூறுகின்றார். மூலத்தில் இரண்டாம் வினைக்கு மட்டும் உரிய ஐயத்தை இவர் இசைவின்மீதே வைத்தார். இலக்கணத்தால் இது பிறழ்ச்சி, கருத்தால் அன்று. இவர் செய்த பிழை வேறு. அப்பல்லோவின் வேண்டுகோளுக்கு ‘நேரிய’ என ஓர் அடையைச் சேர்த்தார். மூலத்தில் அஃது இல்லை. நீதி நாடும் உள்ளம் சேர்த்த சொல் அது. ஆயினும் முத்தமிடும் இடத்தில் மரம் உடல் முறுக்கி விலகியதாக வலிய சொல்லால் எழுதியவரும் இவரே. எஸ்ரா பவுண்டு இவருடைய நூலைத் தம் மொழியின் மிக அழகிய நூலாகப் போற்றியது மிகையே எனினும், காரணம் இல்லாத மிகையன்று.

அடுத்தவர் ஜார்ஜ் சாண்டிஸ். 1621-இல் ஐந்து பகுதிகளை வெளியிட்டபின் வர்ஜீனியாக் குடியேற்றத்தின் பொருளாளராக அட்லாண்டிக் கடலைக் கடந்தார். கடற்பயணத்திலும் அக்குடியேற்றத்திலும் எஞ்சியவற்றைப் பெயர்த்து 1626-இல் நூலை முடித்தார். அமெரிக்க மண்ணில் ஆங்கிலத்தில் உருவாகிய இலக்கியப் படைப்புகளுள் முந்தியவற்றில் இஃதொன்று என்பர். 1632-இல் விரிவான உரையுடனும் படங்களுடனும் மீண்டும் வெளியிட்டார். பத்து அசை கொண்ட ஈரடிச் செய்யுளே இவருடைய யாப்பு. கூடியவரை மூல அடிகளின் தொகையை மிகாமல் பெயர்க்க முயன்றார். இலத்தீனில் வேற்றுமை உருபுகள் சொல்லின் ஈற்றில் ஒட்டி நிற்கும். ஆங்கிலத்திலோ அவற்றுக்குத் தனிச்சொற்கள் வேண்டும். அங்ஙனமாகவும் நீண்ட அடியைக் குறுகிய அடிக்குள் அடைக்கப் புகுந்தமையின், எதையேனும் விடவேண்டிய நெருக்கடி இவருக்கு அடிதோறும் நேர்ந்தது. எம் அடியில் இவர் விட்டது எது? ‘தோன்றியது’ என்னும் சொல்லையே விட்டார். விட்டதோடு அமையாது ஒன்றைச் சேர்த்தும் விட்டார்: லாரல் தன் ‘நன்றியுள்ள’ தலையைத் தாழ்த்தியது என்று. மூலத்தில் நன்றிக்கு அடிப்படையாக ஓரெழுத்தும் இல்லை. ‘அனைத்தையும் ஒப்புகின்றது’ என்னும் பொருளுடைய சொல் முதலடியின் இறுதியிலும், ‘வணங்குகின்றது’ என்னும் பொருளுடைய சொல் இரண்டாமடியின் இறுதியிலும் நின்று இயைபு பெறுகின்றன. ஒப்புதலும் வணங்குதலும் ஓசையால் பிணிபட்டபின், ஐயத்திற்கு இடமேது?

சாண்டிஸைப் பயின்றவர் ஜான் டிரைடன். 1700-இல் எழுதிய முன்னுரையொன்றில், முற்கால யாப்பு வல்லாருள் தலையாயவர் சாண்டிஸ் எனப் புகழ்ந்துள்ளார். முதற் பகுதியின் பெயர்ப்பை இவர் 1693-இல் வெளியிட்டார். இவர் மறைவுக்குப்பின் மருத்துவர் சாமுவேல் கார்த் பதிப்பித்த 1717-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது முதலிடம் பெற்றது. அத்தொகுப்பில் அடிசன், காங்கிரீவ், போப் முதலாய பலரும் பங்குகொண்டனர். டிரைடன் மொழிபெயர்ப்பை மூவகைப்படுத்திச் சொற்பெயர்ப்பு, பொருள்விரிப்பு, தழுவல் எனக் கூறி நடுவணதைத் தம் வழியாகக் கொண்டவர். 1680-இல் அவர் எழுதிய அம்முன்னுரை இன்றும் மொழிபெயர்ப்பு ஆய்வாளர் அனைவரும் எடுத்தாள்வது. இவருடைய ஆற்றலை யாம் குறைத்துக் கூறோம். துரத்தும் கடவுள் ஓடிக்கொண்டே தன் குலப்பெருமையைப் பேசுவதும், ‘நீ சற்று மெல்ல ஓடு, யானும் மெல்லத் துரத்துவேன்’ என்னும் கருத்துப்பட வேண்டுவதும் ஆகிய நகைச்சுவையை இவரளவு நுட்பமாகக் காட்டியவர் ஆங்கிலத்தில் இலர் என்றே கருதுகின்றோம். ஓவிட்டின் குறும்பு இவருக்குத் தன்னியல்பாக வருகின்றது.

ஆயின் எம் அடியில் அவர் சாண்டிஸ் சென்ற வழியிலேயே சென்று அவரையும் கடந்தார். மரத்தை ‘நன்றியுள்ள மரம்’ என்றார்; அம்மட்டிலும் அமையாது, கடவுள் கூறியது கேட்டு அது மகிழ்ந்தது என்றும் எழுதினார். ‘தோன்றியது’ இல்லை, ‘போல’ இல்லை. மூலத்தின் இறுதிச் சொல் மர உச்சியாக இருக்க, இவருடைய அடி ‘தலை’ என்னும் சொல்லில் முடிகின்றது. அச்சொல்லுக்கு இயைபாக நிற்பது கடவுள் ‘கூறினான்’ என்னும் சொல். ஆண்டவன் சொல்லும் அடியவள் தலையும் ஓரோசையாகி ஈரடியும் கதவு சாத்தினாற்போல் முடிகின்றன. சில அடிகளுக்கு முன்னர் மரம் ஒதுங்கி அவன் தழுவலை மறுத்தது என எழுதியவரும் இவரே என்பதை எண்ணுங்கால் வியப்பு உண்டாகின்றது.

இப்பிழைக்கு யாப்பு ஒன்றே காரணம் என்று கூறுவோமாயின் அது முழுவுண்மையாகாது. ஈரடிச் செய்யுள் முடிவை வேண்டுவது. ‘தோன்றியது’ என்னும் சொல்லோ முடிவை மறுப்பது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுதல் உண்மையே. எனினும் ஈரடியிலும் ஐயத்தை வைக்க இயலாதென்பதில்லை. ‘நன்றியுள்ள’ என்னும் அடையை இட்ட இடத்தில் வேறொரு சொல்லை இட்டிருக்கலாம். சாண்டிஸ் உரைகாரராகக் கதைகளுக்குள் மறைபொருள் காண்பவர். டிரைடன் அரசவைச் சூழலில் வளர்ந்த புலவர். கடவுளின் வேண்டுகோள் புகழைத் தருவது. புகழ் பெறுவோர் நன்றியுடையராதல் இயல்பு என அவ்விருவர்க்கும் தோன்றியிருத்தல் கூடும். ஓவிட் கி.பி. 8-இல் அதே அகஸ்டஸால் கருங்கடற்கரைத் தோமிஸ் நகர்க்கு நாடு கடத்தப்பட்டவர். அரசன் வாயிலில் நிற்கப் பணிக்கப்பட்ட மரம் தலையசைத்ததாகத் தோன்றியது என அவர் எழுதியதையும், மகிழ்ந்தது என டிரைடன் எழுதியதையும் ஒன்றெனக் கொள்ளல் எங்ஙனம்?

பதினெட்டாம் நூற்றாண்டுக்கும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே செய்யுட் பெயர்ப்புகள் சிலவே எமக்குப் பொருட்டாகின்றன. 1955-இல் வெளிவந்த ரால்ஃப் ஹம்ஃப்ரீஸின் பெயர்ப்பு இயைபுத் தொடையை விட்டுப் பேச்சோட்டத்தைத் தழுவியது. ஈண்டு ‘தோன்றியது’ மீண்டு வருகின்றது. ஆயின் மரம் ‘ஆம்’ என்று சொல்வது போல எனவும் அவர் விரித்தார். மரத்துக்கு மொழியளித்தல் ஓவிட் செய்யாதது. குரலிழந்தோர் துயரம் இக்காப்பியத்தில் எத்துணை இடங்களில் வருகின்றது என்பதை எண்ணுவார்க்கு இவ்விரிவு உவப்பாகாது. 1986-இல் வந்த மெல்வில்லின் பெயர்ப்பே இவ்விடத்தில் எமக்குப் பெரிதும் நிறைவு தருவது. இயைபற்ற அடியால் நடந்து, பகுதி முடிவில் மட்டும் இயைபைக் கொள்பவர் அவர். கிளைகளைத் தாழ்த்தி லாரல் இசைந்தது என உறுதியாகக் கூறி, உடனே ‘அல்லது தாழ்த்தியதாகத் தோன்றியது’ என மாற்றிக் கூறுகின்றார். முதலில் உறுதி, பின்னர் தளர்வு என்னும் மூலத்தின் வைப்புமுறை அங்ஙனமே உளது. இயைபுத் தொடை ஐயத்தைக் கொல்லவேண்டுவதில்லை என்பதற்கும் இஃது எடுத்துக்காட்டாம்.

டெட் ஹியூஸ் 1997-இல் வெளியிட்ட ‘ஓவிட்டின் கதைகள்’ 24 கதைகளைக் கட்டற்ற செய்யுளில் தருவது. மிக்க ஆற்றலுடைய நூல். ஆயின் அதில் டாஃப்னி இல்லை. கதைக்குக் கதை தொடுத்துச் செல்லும் மூலத்தின் ஒழுங்கும் இல்லை. எனவே அதனை மொழிபெயர்ப்புகளோடு ஒப்ப வைத்து மதிப்பிடுதல் முறையன்று. எனினும் பத்தாம் பகுதிப் பிக்மேலியன் கதையை அவர் செய்திருப்பது எம் ஆய்வுக்குத் துணையாகின்றது. தந்தச் சிலையை முத்தமிட்டபோது அது வெம்மையுற்றதாகத் ‘தோன்றியது’ என ஓவிட் அதே வினையை ஆள்கின்றார். அங்கே தோற்றம் மெய்யாகின்றது, சிலை பெண்ணாகின்றது. லாரலிடத்தோ தோற்றம் தோற்றமாகவே நின்றுவிடுகின்றது. ஒரே சொல் முதற் பகுதியில் வாயடைத்தும் பத்தாம் பகுதியில் வாய்திறந்தும் நிற்றலைக் காண, இரண்டிடத்தும் அச்சொல் பெயர்ப்பில் இருத்தல் வேண்டும். ஹியூஸோ, பிறவாத பெண்ணொருத்தியின் ஆவி சிற்பியின் உடலைப் பற்றி அவன் கையால் தன்னைச் செதுக்கிக்கொண்டதாகப் புனைந்தார். புனைவு அச்சம் தருவது, அழகும் உடையது. ஆயின் காண்பவனது ஐயம் அதனுள் கரைந்து போகின்றது.

2022-இல் பெங்குவின் வரிசையில் ஸ்டெஃபனி மெக்கார்ட்டரின் பெயர்ப்பு வெளிவந்தது. அவ்வரிசையில் 1955-இல் மேரி இன்னெஸ் உரைநடைப் பெயர்ப்பை வெளியிட்டிருந்தார். மெக்கார்ட்டர் இயைபற்ற பத்தசை அடியைக் கொண்டவர். மூலத்தில் வன்முறை வன்முறையாகவே கூறப்பட்டிருக்க, முன்னைப் பெயர்ப்பாளர் பலர் அதனைக் காதல் விளையாட்டாக மென்மைப்படுத்தினர் எனத் தம் முன்னுரையில் எடுத்துக்காட்டி, அவ்விடங்களை நேர்ச்சொற்களாற் பெயர்த்துள்ளார். இதனை இக்காலக் கருத்தை முற்கால நூலின்மேல் ஏற்றுதல் எனக் குறைகூறுவாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. இக்காலக் கருத்தை ஏற்றியவர் ‘நன்றியுள்ள’ என எழுதியவரே. அக்காலம் 1626 ஆகவும் 1693 ஆகவும் இருந்தமையின் நமக்கு அது பழமைபோல் தோன்றுகின்றது.

ஓவிட் இக்கதையை முடித்தவுடன் அடுத்த கதைக்குச் செல்லும் வழியில் ஒரு காட்சியை வைத்துள்ளார். அந்நாட்டு ஆறுகள் பீனியஸின் குகையிற் கூடுகின்றன. மகளை இழந்த, அல்லது மகள் புகழ்பெற்ற, அத்தந்தையை வாழ்த்துவதா தேற்றுவதா என அறியாமல் அவை நிற்கின்றன.